சித்தப்பாவின் கால் அளவு

சித்தியை நினைத்தால் முகம் பிறகுதான் வரும். முதலில் வருவது அந்த வேப்பங்கட்டை. ஆரணியில் சித்தி வீட்டுத் தறிக்குழிக்குள், காலால் அழுத்தி நெய்யும் மிதியின் மேல் பழைய புடவைக் கிழிசலால் அதை இறுக்கிக் கட்டியிருக்கும். குழி சித்தப்பாவின் கால் நீளத்துக்கு வெட்டியது. சித்தி அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள். சித்தப்பாவுக்கு முதுகு விட்டுப்போய், அவர் இடத்தில் சித்தி உட்கார்ந்தபோது கால் மிதிக்கு எட்டவில்லை. கட்டை வைத்தும், உட்காரும் பலகையின் விளிம்புக்கு நகர்ந்து இடுப்பை வளைத்துத்தான் மிதிக்க வேண்டும். சாயங்காலம் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். விடுமுறைக்குப் போகும் நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"குழில மண்ணு கொட்டி மிதிய ஒசத்திக் குடுங்க, இடுப்பு ஒடியுது" என்று சித்தி ஒருநாள் கேட்டாள். சித்தப்பா கெட்டவர் இல்லை, அதுதான் வம்பு. "தறியே உன்னுதுன்னு குடுத்துட்டேன், இன்னும் இன்னா கொறை? குழில கை வெக்காத. நாளைக்குப் பையன் உக்கார்ற எடம்" என்றார். பையன் அப்போது பல்பம் தின்றுகொண்டிருந்தான். சித்தி குழிக்குள் இறங்கினாள். கட்டையை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினாள். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் தத்துவம் படித்தேன். இப்போது கல்லூரியில் பெண்ணியத் தத்துவம் நடத்துகிறேன். ஆணுக்குப் பெண் சமம் என்று மாணவிகள் உற்சாகமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குழி ஞாபகம் வந்துவிடும். ஆண் உடம்பை வைத்து அளந்த இடத்தில் பெண்ணை உட்காரவைத்து, இதோ சமம் என்று சொன்னால், எட்டாத கால் அவள் குறையாகிவிடுகிறது. வேறு உடம்பு குறைந்த உடம்பு இல்லை; அதன் அளவுக்கு யாரும் குழி வெட்டவில்லை, அவ்வளவுதான். இதை வகுப்பில் நன்றாகவே சொல்கிறேன். சொல்லும்போது, யாரோ ஒரு நெட்டை மனிதருக்காகச் செய்த மேசைக்குப் பின்னால் எக்கிக்கொண்டுதான் நிற்கிறேன்.

போன மாதம் ஆரணிக்குப் போயிருந்தேன். சித்தப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. அந்தப் பையன், என் தம்பி, தறியில் உட்காரவே இல்லை. செய்யாறு பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறான். தறியில் அவன் மனைவி. குழிக்குள் எட்டிப் பார்த்தேன். அதே வேப்பங்கட்டை, நடுவில் தேய்ந்திருந்தது. கட்டிய துணி மட்டும் புதிது.

"எனக்கும் எட்டல அண்ணி" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

"இப்பவாவது மண்ணு கொட்டலாமே, சித்தி" என்றேன்.

சித்தி தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "போடி, அதுல கை வெக்கக் கூடாது" என்றாள். "நாளைக்குப் பேரன் உக்கார்ற எடம்."