'அடுத்து' பட்டனும் சுமலதாவின் நாற்காலியும்

கருவடிக்குப்பத்தில் சுமலதாவைத் தெரியாதவர்கள் இருந்தால், அவர்கள் வேலை தேடாதவர்களாக இருப்பார்கள். மற்ற எல்லோருக்கும் அவளைத் தெரியும். 'வேலைவாசல்' என்ற இணையதளத்தை நடத்திய அறக்கட்டளையின் முன்னறையில் ஆளுயரத்துக்குத் தொடுதிரை மெஷின் ஒன்று நின்றது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் சுமலதா. ஆலை வேலை போன குடும்பத்துக்காரர்கள் திரையைத் தொட்டுத் தொட்டுப் பெயரைப் பதிந்தால், சேதராப்பட்டுக் கம்பெனிகளிலோ நகரத்துக் கடைகளிலோ ஆள் தேவைப்படும்போது தகவல் வரும். தொடத் தெரியாதவர்களுக்குத் தொட்டுக் காட்டுவது சுமலதாவின் உத்தியோகம்.

அந்த உத்தியோகத்தில்தான் வீடு ஓடியது. கணவன் கன்னியப்பனுக்குச் சேதராப்பட்டில் வேலை உண்டு. கம்பெனிக்கு ஆர்டர் வந்தால் உண்டு. வராத மாதங்களில் வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்தபடி கம்பெனிக்கு விசுவாசமாக இருப்பான்.

2007 ஆயுத பூஜைக்கு மெஷினை அணைத்து, துடைத்து, மேலே பூச்சரம் தொங்கவிட்டாள். சரம் நெற்றியை மறைத்துவிட்டதால், சந்தனத்தைக் குழைத்துத் திரையின் வலது கீழ் மூலையில் அகலமாக அப்பி நடுவில் குங்குமம் வைத்தாள். பூஜை முடிந்து மெஷினைப் போட்டபோதுதான் தெரிந்தது, பொட்டு உட்கார்ந்திருந்த இடம் 'அடுத்து' என்ற பட்டன். சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது. வைத்த பொட்டை வைத்த கையால் அழிக்கிற சுமங்கலி அந்த வட்டாரத்தில் கிடையாது. பெயர், வயது, ஊர் எல்லாம் பதிந்துவிட்டு வருகிறவர்கள் அங்கே வந்ததும் நின்றார்கள். "பொட்டு மேல எப்பிடிம்மா கைய வைக்கிறது?" என்றார்கள். சுமலதா மெஷினின் பின்கதவைச் சாவி போட்டுத் திறந்து, உள்ளே இருந்த கீபோர்டில் என்டரைத் தட்டிவிட்டு மறுபடி பூட்டுவாள். யாருக்கும் குறையில்லை.

குறை அறக்கட்டளைத் தலைவர் அரிகிருஷ்ணனுக்குத்தான் இருந்தது. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. நிதி தரும் பாரீஸ் சங்கத்துக்காரர்கள் அடுத்த வருஷம் ஆயுத பூஜை கழிந்து நேரில் வருவதாக எழுதியிருந்தார்கள். அதற்குள் ஜனங்கள் யார் துணையும் இல்லாமல் தாங்களே பதிய வேண்டும்.

"அதுதாம்மா சுயமரியாதை. அவங்க வந்து பாத்துட்டுப் போனதும் அந்த நாற்காலிக்கு வேலையில்ல" என்றார், ஏதோ நாற்காலியைப் பற்றி மட்டும் பேசுவது போல.

இதற்காக லாஸ்பேட்டையிலிருந்து வெற்றிச்செல்வன் வந்தார். பெங்களூரில் படித்துவிட்டு வந்தவர். கருப்புச் சட்டை தவிர வேறு போடமாட்டார். கடவுள் விஷயத்தில் கண்டிப்பு. ஜனங்கள் மெஷினை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பின்னால் உட்கார்ந்து பார்த்து, அதற்கேற்ப மாற்றியமைப்பது அவர் வேலை. அந்த ஆராய்ச்சி முடியும்வரை ஒப்பந்தம். முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்தது.

ஆராய்ச்சிக்கு இரண்டு விதிகள் வைத்திருந்தார். யாரும் உதவக்கூடாது. மனதில் தோன்றுவதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் வந்தவள் சின்னப்பாப்பா. ஆலையில் நூல் சுற்றியவள். இப்போது எந்த வேலையானாலும் சரி என்றிருந்தாள்.

"மனசுல நெனைக்கிறத அப்பிடியே சொல்லுங்கம்மா."

"சொல்லிடட்டா? எம் மருமவ காலையில எனக்குக் காப்பி குடுக்கல."

"மெஷினப் பத்தி…"

"மெஷினுந்தான் குடுக்கல."

வெற்றிச்செல்வன் எழுதிக்கொண்டார். சின்னப்பாப்பா தட்டுத்தடுமாறிப் பெயரைப் பதிந்து, பொட்டுக்கு வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அடியே சுமலதா, வந்து தட்டு."

"தட்டக் கூடாதாங்க்கா. சாரு பாத்துனு கீறாரு."

"அவுரு பாத்தா பாக்கட்டும். எனக்கு வேல வேணும்டி."

ஆராய்ச்சியாளர் பின்வரிசையில் இருந்ததால் அவருக்குத் தெரிந்தது சின்னப்பாப்பாவின் முதுகு மட்டும். வந்தவர்கள் எல்லோரும் அதே இடத்தில் முதுகைக் காட்டி நின்றார்கள். 'அடுத்து' பட்டனுக்கு வந்ததும் பயனருக்குத் தயக்கம், பட்டன் நிறம் எடுப்பாக இல்லை என்று அறிக்கை போனது. பட்டன் சிவப்பானது. குங்குமத்தின் கீழே அது சிவப்பானது அதற்கு மட்டுமே தெரியும். அப்புறம் பட்டனைப் பெரிதாக்கினார். பொட்டைச் சுற்றி இப்போது செக்கச்செவேலென்று ஒரு ஒளிவட்டம் வந்தது. அதுவரை கும்பிட்டவர்கள், அதற்குப் பிறகு செருப்பையும் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

செருப்புகளைப் பார்த்துத்தான் அவருக்குச் சந்தேகம் வந்து, எழுந்து முன்னால் போய்ப் பார்த்தார்.

"என்னாங்க்கா இது?"

"பொட்டு சார்."

"தொடைச்சுடுங்க."

"நான் மாட்டேன் சார். நீங்கதான் கருப்புச் சட்ட, நீங்க தொடைங்க."

வெற்றிச்செல்வன் கைக்குட்டையை எடுத்தார். அது பாதி தூரம் போனது. வீட்டில் மனைவிக்கு ஏழாவது மாதம். கொள்கையில் அவருக்கு இம்மியளவும் சந்தேகம் வரவில்லை, கைதான் போகவில்லை. கைக்குட்டையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மூடநம்பிக்கைக்காக இல்ல. டிசைன்னு பாத்தாவே பட்டன் இடது பக்கம் இருக்குறதுதான் நல்லது" என்றார்.

பட்டன் இடது பக்கம் போனது. சின்னப்பாப்பா திரும்ப வந்து தானே தட்டி, தானே பதிந்து, சுமலதா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். மற்றவர்களும் அப்படியே. அரிகிருஷ்ணன் "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வெற்றிச்செல்வனின் கையைக் குலுக்கினார். ஆராய்ச்சி முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. சுமலதாவின் நாற்காலிக்குப் பாரீஸ்காரர்கள் வந்துபோகும்வரை தவணை. சேதராப்பட்டில் அப்போது ஆர்டர் இல்லாத மாதம்.

2008 ஆயுத பூஜை வந்தது. பாரீஸ்காரர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். மெஷின் அணைந்து கருப்பாக நின்றது. சுமலதா பூச்சரத்தைத் தொங்கவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். வெற்றிச்செல்வன் தன் பொருட்களை அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துப்போக வந்திருந்தார். வீட்டில் குழந்தை பிறந்திருந்தது; தூக்கம் இல்லாத கண்கள்.

"சார், போன வருசம் தெரியாம வச்சிட்டேன். இந்த வருசம் கேட்டுட்டே வைக்கிறேன்" என்றாள் மரியாதையாக. "அந்த 'அடுத்து' பட்டன் சரியா எந்த எடத்துல வருது?"

வெற்றிச்செல்வன் அவளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். தன் அட்டைப்பெட்டியைப் பார்த்தார். பிறகு அருகே வந்து, அணைந்த திரையின் இடது கீழ் மூலையில் விரலை வைத்துக் காட்டினார்.

"இங்க. பட்டன் பெருசு. அதுக்குத் தகுந்தாப்புல பெருசா வைங்கக்கா."