பெரிய நாட்டுக்காகப் பேசிய நாள்

வாசகரே, தீர்ப்புச் சொல்ல உங்களை நான் அழைக்கவில்லை. தீர்ப்பு அன்றே வழங்கப்பட்டுவிட்டது. கோப்பையும் என் கைக்கு வந்துவிட்டது. சாட்சியாக மட்டும் நில்லுங்கள். விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில், கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்து மண்டபத்தில், ஏழாம் வகுப்பு மாணவனாக ஒலிபெருக்கியின் முன் நின்று, நம் நாடு பெரிதாக இருப்பதே அதன் வலிமை என்று நான் முழங்கினேன். முழங்கிய வாய் என்னுடையது. மனமோ எதிர்த்தரப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. இதை அன்று ஒருவரும் அறியார். இன்று நீங்களாவது அறிந்துகொள்ளுங்கள்.

என் அப்பா லாரி ஓட்டினார். சிவகாசியில் என்ன லோடு ஏறுகிறதோ அதுவே எங்கள் வீட்டின் பருவம். தீபாவளிக்கு முன் பட்டாசு. தீபாவளி கழிந்தால் காலண்டரும் டைரியும். மற்ற மாதங்களில் தீப்பெட்டி. எல்லாம் வடக்கே போயின, அப்பாவும் போனார். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் வரைபடத்தில் தலைநகரங்களைத் தேடியபோது நான் அப்பாவைத் தேடினேன். நாக்பூர், கான்பூர், பாட்னா என்று விரல் மேலேறும். வரைபடத்தில் ஒரு சாண். வீட்டில் ஒரு மாதம். அந்த வயதில் எனக்கிருந்த பொருளாதாரக் கொள்கை ஒன்றே ஒன்றுதான்: நாடு மதுரையோடு முடிந்திருந்தால், அப்பா இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்திருப்பார்.

அந்தக் கொள்கை நிறைவேறும்போல ஒரு வாய்ப்பு வந்தது. அம்மா ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். பெண்களை ஏற்றிப் போகும் கம்பெனி வேனின் டிரைவர் வேலையை விட்டு நின்றார். அம்மா போர்மேனிடம் சொல்லிவைத்தாள். அப்பா சரியென்றால் வேலை அவருக்கு. காலையில் எங்கள் தெருவில் ஏற்றி, மாலையில் எங்கள் தெருவில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். தெருப் பெண்கள் அம்மாவை விடவில்லை.

"என்னத்தா, இனிமே டிரைவரு பக்கத்து சீட்டா? நாங்கெல்லாம் கண்ணுக்குத் தெரிவமா?"

"வண்டி ஓட்டுறவுக ரோட்டப் பாக்கணும்ல. நான் பின்னாடியே உக்காந்துக்கிறேன்" என்றாள் அம்மா. முகம் என்னவோ முன் சீட்டில்தான் இருந்தது.

அப்பா உடனே முடிவு சொல்லவில்லை. "கைல இருக்க லோடை எறக்கிட்டு வந்து சொல்றேன்" என்று கிளம்பிப் போனார்.

அவர் போயிருந்தபோது மாவட்டச் சொற்போர் வந்தது. வரலாறு நம் நாட்டை இவ்வளவு பெரிதாக்கியது பொருளாதாரத்துக்கு வலிமையா, சுமையா? தலைப்பைக் கேட்டதும் எனக்காகவே வைத்தார்கள் என்று நினைத்தேன். 'சுமையே' என்று பேச என்னைவிடத் தகுதியானவன் மாவட்டத்தில் எவன்? ஆனால் தரப்பைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார்கள். நான் எடுத்த சீட்டில் 'வலிமையே' என்றிருந்தது.

எங்கள் தமிழாசிரியர் பேச்சுப் பிள்ளைகளுக்கு ஒரு விதி வகுத்திருந்தார். எந்தத் தரப்பு கிடைத்தாலும் பெற்ற தாயாக நினைத்துப் பேசு. மேடையை விட்டு இறங்கினாலும் தரப்பை விட்டு இறங்காதே. அந்த விதியை என்னளவுக்குக் காத்தவர் இல்லை என்பதில் எனக்குக் கர்வம் உண்டு.

பேசினேன். சிற்றரசுக்கொரு சுங்கச்சாவடி இருந்த காலத்தைச் சொன்னேன். வெள்ளையர் தண்டவாளம் போட்டதைச் சொன்னேன். அது ஊரை ஊரோடு சேர்க்கவா வந்தது, நம் கரிசல் பருத்தியைத் துறைமுகத்துக்கு இழுத்துப் போகவல்லவா வந்தது என்று கேட்டேன். தீக்குச்சிகூடக் கப்பலேறி வந்த நாட்களை நினைவூட்டினேன். "மழை பொய்த்தது, நடுவர் அவர்களே! மண் பயிரை மறுத்தது! பயிரைக் கருக்கிய அதே வெயிலில் நம் தாய்மார்கள் தீக்குச்சியைக் காய வைத்தார்கள். காய்ந்த குச்சியை வாங்க யார் இருந்தார்? விடுதலை பெற்று ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு பெரிய நாடு இருந்தது! சிவகாசி பற்றவைக்கிறது, இமயம் வெளிச்சம் பெறுகிறது!"

அப்போதுதான் மண்டபத்தின் பின்வாசலில் அப்பாவைப் பார்த்தேன். லோடு இறக்கித் திரும்பியவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் காக்கிச் சட்டையோடு வந்து நின்றார். கூட்டத்தில் சொந்த முகம் தெரிந்தால் பேச்சாளனுக்குச் சிறகு முளைக்கும். எனக்கும் முளைத்தது.

"இந்த நாட்டைச் சேர்த்துத் தைக்கும் ஊசி எது? நம் லாரிகள்! அவற்றை ஓட்டுகிறவன் வீடே சுகம் என்று உட்கார்ந்துவிட்டால், இந்தப் பெரிய நாடு துண்டு துண்டாகக் கிடக்கும். போகட்டும் நம் லாரிகள்! எல்லை வரை போகட்டும்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நடுவர் எழுந்து நின்றே கோப்பையைக் கொடுத்தார்.

விருதுநகரில் அப்பா எனக்கு எண்ணெய்ப் பரோட்டா வாங்கித் தந்தார். எதிரே உட்கார்ந்து கேட்டார்.

"ஏலே, அம்புட்டும் நீயா யோசிச்சதா?"

"ஆமாப்பா."

"டிரைவரு வீட்டுல உக்காந்தா நாடே துண்டு துண்டாப் போகும்னியே. அது மனசாரச் சொன்னதா?"

சீட்டுக் குலுக்கிய கதையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் நான் மேடையை விட்டுத்தான் இறங்கியிருந்தேன்.

"மனசாரத்தாம்ப்பா."

அவர் தம் இலையிலிருந்த மொறுமொறுப்பான விளிம்பைப் பிய்த்து என் இலையில் வைத்தார். "நாங்கூட நம்ம சும்மா லோடுதாம்லே அடிக்கிறோம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

அன்றிரவு அவர் அம்மாவிடம் என்ன சொன்னார் என்பது, நான் கல்லூரி முடித்த பிறகே அம்மா சொல்லி எனக்குத் தெரியவந்தது. "வேனுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு. பிள்ள ஊரறியச் சொல்லிப்புட்டான், நம்ம உக்காரக் கூடாதுன்னு." அதன்பின் விருதுநகர் வழியாக நாலுவழிச் சாலை வந்தது; அப்பா முன்னைவிடச் சீக்கிரம் வந்தார், முன்னைவிடச் சீக்கிரம் போனார். வேனை வேறொருவர் ஓட்டினார். அம்மா சொன்னபடியே பின்னாடி உட்கார்ந்து போனாள். அப்பா வண்டியை விட்டு இறங்கி வீட்டோடு இருந்த ஆண்டில் நான் வேலைக்காகச் சென்னைக்கு ரயிலேறிவிட்டேன். ஒரே கூரையின் கீழ் நாங்கள் மூவரும் தொடர்ந்து சாப்பிட்ட ஒரு மாதத்தை இன்றும் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. சாலையில் வடக்கு நோக்கி ஒரு லோடு லாரி போனால், ஓட்டுபவர் முகம் தெரியும் வரை நின்று பார்க்கிறேன்.

இவையெல்லாம் பின்னால் வந்தவை. போட்டிக்குப் பிறகு ஒரு காலையில், பட்டாசு லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டிய லாரி தெருமுனையில் நின்றது. அப்பா என் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"இத வண்டி முன்னாடி, சாமி படத்துக்கிட்ட வச்சுக்கிறட்டாலே?"

தலையாட்டினேன். 'போகாதீகப்பா' என்று சொல்லத்தான் நினைத்தேன். வேன் வேலை ஏன் நழுவியது என்று எனக்கு விளங்கவில்லை. சம்பளம் குறைவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நூறு பேர் கைதட்டும் பேச்சை ஒருவர் நம்பியும்விடக்கூடும் என்பது, அன்றைய வெற்றிப் பேச்சாளனுக்குத் தெரியாது.

எஞ்சின் உறுமியது. அப்பா ஜன்னல் வழியே என்னையே பார்த்தார். ஏதாவது சொல்லவேண்டும், அவர் மகிழும்படி சொல்லவேண்டும். தெருமுனைக் கல்லின்மேல் ஏறி நின்று, எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்திச் சொன்னேன்:

"அப்பா! அடுத்த வருசமும் இதே பக்கந்தான் பேசுவேன்! இதைவிடப் பெரிய கப்பா வாங்கிக் காட்டுறேன், போயிட்டு வாங்க!"