பத்து ரூபாய்க்குள் ஓடிய நூல்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியை எரித்து வரும் வாயுவில்தான் ஓடின. நாங்கள் ராசிபுரத்தில் தறி போட்டிருந்தோம். கைக்குழந்தைக்கு விடாத காய்ச்சல், மூச்சு இழுத்தது. சேலத்துக்குக் கொண்டுபோனால்தான் பிழைக்கும் என்று சொல்லிவிட்டார் உள்ளூர் வைத்தியர். வீட்டிலிருந்ததோ, என் கணவர் சேலை விற்று வாங்கிவந்த புத்தம்புதுப் பத்து ரூபாய் நோட்டு ஒன்றுதான்.

நெசவுக்காரர் கையில் எது கிடைத்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இழை பார்ப்பார். இவரும் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. நோட்டுக்குள் மேலிருந்து கீழாக நூல்போல ஒரு கோடு.

"ஏ புள்ள, காயிதத்துல எப்பிடி நூலு வரும்? ரெண்டு தாளை ஒட்டியிருக்கானுங்க. இது கள்ள நோட்டு!"

எதிரி நாட்டான் கள்ள நோட்டைப் புழக்கத்தில் விடுகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. பிடிபட்டால் ஜெயில். மனுஷர் நோட்டை எரித்துவிட நேராக அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நோட்டைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அவர் புலம்பிக்கொண்டே பின்னால் வந்தார்.

தெரியாததுபோல் நீட்ட எனக்கு மனசு வரவில்லை. கண்டக்டரிடம் நேராகவே கேட்டேன்.

"ஏனுங்க, இது கள்ள நோட்டுன்னு எங்க ஊட்டுக்காரர் சொல்றாருங்க. பாத்துச் சொல்லுங்க. கொழந்தைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும்."

அவர் நோட்டை வெயிலில் பிடித்தார். வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் இங்கிலாந்து ராஜாவின் தலை நிழலாகத் தெரிந்தது. பக்கத்தில் அந்தக் கோடு.

"புதுசா வாரது இப்பிடித்தானுங்க அம்மிணி. காயிதம் செய்யறப்பவே நூலை உள்ள வெச்சுடறாங்க. கள்ள நோட்டு அடிக்கறவனுக்கு அது லேசுல ஆகாதுங்க."

என் கணவருக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை. கண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். எங்கள் நோட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டு, கோடில்லாத பழைய பத்து ரூபாய் ஒன்றை என் கையில் வைத்தார்.

"பயமிருந்தா அது என்னோட போகட்டுங்க. கொழந்தைக்குக் காத்துப் படாம உள்ள உக்காருங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னும் ஒரு பொழுது தாமதித்திருந்தால் கஷ்டம் என்று சேலத்து டாக்டர் சொன்னார்.

அந்தக் குழந்தைதான் இன்று எனக்குச் சோறு போடுகிறாள். நோட்டு எது கைக்கு வந்தாலும் வெளிச்சத்தில் பிடித்து அந்த நூலைத் தேடுகிறேன். அன்று அது அடுப்புக்குப் போயிருந்தால் என்று நினைத்துக்கொண்டு, மகளை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.