காதர் பாய் கையை வெளியே எடுக்கமாட்டார்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மெக்கானிக் செல்வத்திடமிருந்து போன் வந்தது. திண்டுக்கல்லில் டயாலிசிஸ் மையத்தின் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் கணவர் சேவியருக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "டீச்சர், பாய் போயிட்டாருங்க. வெள்ளனே தொழுகைக்கு எந்திரிச்சவரு, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு அப்பிடியே சாஞ்சுட்டாரு. சாயங்காலம் அசர் தொழுகைக்கப்புறம் அடக்கம்" என்றான்.

உள்ளே போய்ச் சொன்னேன். "ஊசிய எடுக்கச் சொல்லு, கிளம்புவோம்" என்று இவர் எழுந்து உட்காரப் பார்த்தார். மெஷின் முடிய இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பாதியில் எழுப்பிக் கூட்டிப்போனால் பாயே திட்டுவார் என்று சொல்லிப் படுக்க வைத்தேன். நாங்கள் கொடைக்கானல் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்காதது எனக்குப் பெரிய குறைதான். அந்தக் குறையில்தான் இதை எழுதுகிறேன். பஜாரில் அவர் கடைப் படியில் நின்று திட்டு வாங்கிய அத்தனை பேருக்கும் இது சேரட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காதர் பாய் கார் உதிரிபாகங்கள் விற்றவர். ஆனால் விற்பதில் அவருக்கு ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. நான் முதன்முதலாக அவரிடம் போனது ஒரு புது பேட்டரி வாங்க. நான் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை, வீடு பேத்துப்பாறையில். இவருக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் இருமுறை திண்டுக்கல் போகவேண்டும் என்றானதும் ஒரு பழைய சின்னக் கார் வாங்கி, நாற்பத்தாறு வயதில் ஓட்டக் கற்றிருந்தேன். ஐப்பசி மழையில் ஒருநாள் அது 'டக் டக்' என்றதோடு சரி, கிளம்பவில்லை. பஸ் பிடித்துக் கடைக்கு வந்தேன்.

"பானெட்டத் திறந்து பாத்தீங்களா?" என்றார்.

"பார்த்தா எனக்கு என்னங்க தெரியும்?"

"சோத்துப் பானை மூடியத் திறக்காமலே அரிசி வெந்துச்சா இல்லையான்னு சொல்லுவீங்களா டீச்சர்? போய்த் திறந்து பாருங்க. பேட்டரி மேல வயர் மாட்டுற எடத்துல வெள்ளையாப் பூத்துக் கெடக்கும். ஆப்ப சோடா இருக்கா வீட்டுல? சுடுதண்ணியில கரைச்சு, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க. மைனஸ் வயர முதல்ல கழட்டணும், கடைசியா மாட்டணும். அப்புறமும் ஓடலன்னா வாங்க, பேட்டரி தாரேன்."

வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய்த் திறந்தால் அவர் சொன்னபடியே உப்புப் பூத்ததுபோல் வெள்ளை. தேய்த்து, துடைத்து, மாட்டி, சாவியைத் திருப்பினேன். வண்டி உறுமியது. நான் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரர் பாம்பு வந்துவிட்டதென்று கம்போடு ஓடிவந்தார்.

அதிலிருந்து அந்தக் கடைக்குப் போவது எனக்கு வழக்கமாயிற்று. பாயிடம் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரிந்ததுதான். வைப்பர் ரப்பரோ ஏர் ஃபில்டரோ வாங்கினால் வாசலில் நிற்கும் வண்டியில் வாங்கியவரே மாட்டவேண்டும். அவர் படியில் நின்று பார்ப்பார். இரண்டு கையும் சுவெட்டர் பைக்குள் இருக்கும். எவ்வளவு கெஞ்சினாலும் வெளியே வராது. "என் கை வெளிய வந்துச்சுன்னா உங்க கை உள்ள போயிரும்" என்பார்.

ஒருநாள் கோயில் ஃபாதர் ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். ஹாரன் அடிக்கவில்லை, புது ஹாரன் வேண்டும் என்றார். ஹாரன் இல்லாமல் எங்கள் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதும் ஒன்று. பாய் ஹாரன் டப்பாவைத் தொடவே இல்லை. கடுகளவு ஃபியூஸ் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஸ்டீயரிங்குக்குக் கீழ ஒரு சின்ன மூடி இருக்கும் பாருங்க சாமி. மூடியிலேயே படம் போட்டிருக்கும்." ஃபாதர் அங்கியைச் சுருட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கிக் கால்மணி நேரம் தேடி, எரிந்த ஃபியூஸைப் பிடுங்கிப் புதியதைச் செருகினார். பிறகு பஜார் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே போனார். ஒரு பெரிய மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

இப்படி ஒன்றொன்றாய்ச் செய்து செய்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஸ்பார்க் ப்ளக் மாற்றினேன், டயர் மாற்றினேன், கூலன்ட் ஊற்றினேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்று அடுத்தவர்களுக்கு உபதேசமும் செய்தேன். அடுத்ததாக முன் சக்கர பிரேக் பேட் தேய்ந்திருப்பது தெரிந்து, கடையில் போய்க் கேட்டேன்.

"பிரேக் சாமான் மட்டும் வண்டிக்காரங்க கையில தரமாட்டேன். செல்வத்த வரச் சொல்லுங்க."

"நான் பொம்பளைங்கிறதாலயா?"

"கலெக்டரே வந்தாலும் தரமாட்டேன். வேற சோலி இருந்தாப் பாருங்க."

நான்கு பேர் முன்னால் சொல்லிவிட்டார். முகம் சிவக்க இறங்கி வந்தேன். மறுவாரம் திண்டுக்கல்லில் இவரை மெஷினில் விட்டுவிட்டு, இன்னொரு கடையில் அதே பேட்டை வாங்கினேன். சனிக்கிழமை முழுக்கப் போனில் வீடியோ பார்த்தபடி மாட்டினேன். போல்ட் எல்லாம் இறுக்கம், ஒரு திருகு மிச்சமில்லை. எதிலும் பிழையில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

செவ்வாய் காலை இவரை உட்காரவைத்து வண்டியை எடுத்தேன். எங்கள் வாசல் சரிவானது. கீழே ரோட்டோரம் லாரிக்காகக் காரட் மூட்டைகளை அடுக்கியிருப்பார்கள், அதற்கப்பால் பத்தடிப் பள்ளத்தில் தோட்டம். வண்டி இறங்கத் தொடங்கியதும் பிரேக்கை மிதித்தேன். பெடல் எந்தத் தடையுமில்லாமல் தரையில் போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி மிதித்தேன். பாதிதான் பிடித்தது. கைப்பிரேக் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. மூன்றாவது மிதியில் பெடல் கெட்டியாகி வண்டி நின்றபோது முன்பக்கம் காரட் மூட்டைக்குள் புதைந்திருந்தது. இவர் என்னைப் பார்த்து, "என்னாச்சு?" என்று மட்டும் கேட்டார். அந்த மூட்டைகள் அன்றைக்கு அங்கே இல்லாதிருந்தால் வண்டி அந்தப் பள்ளத்தில்தான் கிடந்திருக்கும்.

அன்று பக்கத்து வீட்டு ஜீப்பில் திண்டுக்கல் போய்த் திரும்பினோம். மறுநாள் மாலை பாயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். 'சொன்னேன்ல' என்பார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. பையிலிருந்து கைகளை எடுத்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார்.

"புது பேட் மாட்டும்போது, பேட்ட அமுக்குற பிஸ்டன உள்ள தள்ளுறோம்ல டீச்சர். அது திரும்பி வெளிய வந்து பேட்டத் தொடணும். அதுக்கு நிக்கிற எடத்துலயே பெடல அஞ்சாறு தடவை மிதிக்கணும், கல்லு மாதிரி ஆகுற வரைக்கும். அப்புறந்தான் வண்டிய நகத்தணும். இத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். தரமாட்டேன்னு சொன்னேன், ஏன்னு சொல்லல. பாதித் தப்பு என்னுது."

நான் அழுதுவிட்டேன். அவர் அழுகையைக் கவனிக்காதவர்போல மழை பெய்யும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது முன்பே. பிரியம் வந்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகுதான் நீங்கள் எல்லோரும் அறிந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. பிரேக் பேட்டை வண்டிக்காரர் கையிலும் கொடுப்பார், ஆனால் முதல் தடவை ஞாயிறன்று செல்வத்தின் பட்டறையில், செல்வத்தின் கண்ணெதிரில் மாட்டவேண்டும். செல்வம் முதலில் முறுக்கிக்கொண்டான். "என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறீங்களே பாய்." பாய் விடவில்லை. "ஏலே செல்வம், தண்ணியில்லாம ஓட்டி இன்ஜினக் கருக்குறவன் வண்டிய வித்துட்டு பஸ்ஸுல போயிருவான். பாத்துப் பாத்து ஓட்டுறவன் வண்டிதாம்லே பத்து வருசம் உங்கிட்ட வரும்." ஞாயிறு பூசை முடிந்து ஜெபமாலையும் கையுமாக வந்த கூட்டம் உண்டு. பண்ணைக்காட்டிலிருந்து மிளகுத் தோட்டக்காரர் ஒருவர் மகளோடு வருவார், ஸ்பேனர் மகள் கையில் இருக்கும். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களை அங்கே வைத்துத்தான் பாய் கிழிப்பார். "ஏறுற கியருலதான் இறங்கணும். பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா ஆயில் கொதிச்சு கடைசி வளைவுல கை விட்டுரும்." ஸ்டீயரிங்கையும் பிரேக் குழாயையும் மட்டும் யாரும் தொடக்கூடாது. அதில் அவர் கடைசிவரை இறங்கி வரவில்லை. இந்த முறை காரணமும் சொன்னார்: குழாயில் துளி காற்று புகுந்தாலும் பிரேக் பிடிக்காது.

புதன்கிழமை அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊருக்கெல்லாம் வண்டி சொல்லிக் கொடுத்த மனுசன், வீட்டுல குழா ஒழுகுனா ஒரு வாசர் மாத்தத் தெரியாதும்மா. எனக்கு வராதுன்னு கூசாமச் சொல்லிட்டு பிளம்பருக்குப் போன் போடுவாரு" என்றார். அழுகைக்கு நடுவே சிரித்தார். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி டயாலிசிஸ். இவர் கால் இரண்டும் வீங்கியிருந்தன, மூச்சு லேசாக இரைத்தது. வெள்ளிக்கிழமைகளில் பதினொரு மணிக்குத்தான் எங்கள் முறை. தவறினால் மெஷின் அடுத்தவருக்குப் போய்விடும், பிறகு எப்போது கிடைக்கும் என்று சொல்லமுடியாது. கிளம்பும் முன் வழக்கம்போல் பானெட்டைத் திறந்தேன். பிரேக் ஆயில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அலமாரியில் புது டப்பா இருந்தது. ஊற்றி மூடிக் கிளம்ப இரண்டு நிமிடம் ஆகாது. இவர் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

டப்பாவைக் கையில் எடுத்துவிட்டேன். திறக்க மனம் வரவில்லை. பேட் தேயத் தேய ஆயில் இறங்கும்; ஆனால் மறுபடி புது பேட் மாற்றி அதிக நாளாகவில்லை, பிறகு ஆயில் எங்கே போனது? குனிந்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தேன். பின்பக்க இடது சக்கரத்தின் உள்புறம் ஈரம். தொட்டால் பிசுபிசுப்பு.

"வெரசா வா, நேரமாகுது" என்றார் இவர்.

"இது என்னால ஆகாதுங்க" என்றேன்.

செல்வத்துக்குப் போன் செய்து எந்தச் சக்கரம், என்ன ஈரம் என்று சொன்னேன். நான் சொன்னதை வைத்தே பட்டறையிலிருந்த பிரேக் குழாயைக் கையோடு கொண்டுவந்துவிட்டான். அடுத்ததாக மையத்துக்குப் பேசினேன். அங்கிருந்த நர்ஸ் யாரிடமோ கேட்டுவிட்டு, மூன்று மணிக்கு வரவேண்டிய ஒருவர் இன்று வரமாட்டாராம், நீங்கள் வாருங்கள் என்றாள். செல்வம் துருப்பிடித்து வெடித்திருந்த குழாயைக் கழற்றிக் காட்டினான். வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு, "மிதிங்க டீச்சர், பிடிச்சுக்கங்க, இப்ப விடுங்க" என்று சொல்லச் சொல்ல, நான் பெடலை மிதித்தேன்; இருவருமாகக் குழாயிலிருந்த காற்றையெல்லாம் வெளியேற்றினோம். "நீங்க குனிஞ்சு பாத்ததுதான் டீச்சர் எல்லாம்" என்று கை துடைத்தபடி சொன்னவன், சட்டென்று திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இதுதான். எதையும் திறந்து பார்க்கும் துணிச்சலை அவர் எல்லோருக்கும் கொடுத்தார். பார்த்த பிறகு, 'இது எனக்கு வராது' என்று கூசாமல் சொல்லும் தெம்பையும் சேர்த்துக் கொடுத்தார். முன்னது இருந்ததால் அன்று ஒழுகல் கண்ணில் பட்டது. பின்னது இல்லாதிருந்தால் நானும் இவரும் எங்கே கிடந்திருப்போமோ தெரியாது.

மதியம் பன்னிரண்டு மணிக்கு மலையிறங்கினோம். இரண்டாவது கியர், வளைவுக்கு வளைவு ஹாரன். அந்தக் காரட் மூட்டைச் சம்பவத்துக்குப் பிறகு இவர் காரில் ஒருநாளும் கண்ணை மூடியதில்லை, கைப்பிடியை இறுகப் பற்றியபடியே வருவார். அன்று மலைப்பாதையில் ஊத்து என்ற ஊரைத் தாண்டியதும் ஏதோ சொல்லத் திரும்பினேன். இவர் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.