இத்தா அறையில் ஓர் இருமல்

என் அக்கா ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், மௌத்தானது காட்டுக் காய்ச்சலில். மேற்கே காட்டை வெட்டி அணை கட்டிய இடத்தில் அவருக்குக் களஞ்சியத்தில் வேலை. வேலை முடிந்து ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் தன் கிராமபோனையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மச்சான் அதைக் கல்முனைக்கு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார். ராத்தாவுக்குப் போட்டுக் காட்டுவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

மாப்பிள்ளையை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவை ராத்தா இருக்கத் தொடங்கினாள். வெள்ளை உடுத்து, உள்ளறையில், அந்நிய ஆண் கண்ணில் படாமல் நாலு மாதமும் பத்து நாளும். உம்மா எங்கள் சிறு வயதிலேயே மௌத்து. வாப்பா பகலெல்லாம் கடையில். என் மாப்பிள்ளைக்குச் சம்மாந்துறை நெல் ஆலையில் வேலை, அந்தி மஃரிபுக்குத்தான் வருவார். ஆகவே பகலில் அவளுக்குத் துணை நான்தான்.

ஒருநாள் லுஹர் தொழுதபின் அவள் சொன்னாள்: "புள்ள, அந்தக் கிராமபோன் பெட்டியத் திற."

"மௌத்து வீட்டுலயா? சனம் என்ன சொல்லும் ராத்தா?"

"சத்தமில்லாமப் போடுவம். அவர் எஞ்சினியர்ர வீட்டு யன்னலுக்குக் கீழ நிண்டு இதக் கேட்டுக்கிட்டு இரிப்பாராம். கதையெல்லாம் இதப் பத்தித்தான். என்னத்தக் கேட்டாரெண்டு எனக்கும் தெரியோணும்."

ஒலி வரும் வாயில் பழைய சாரன் துணியை அடைத்து, கதவைச் சாத்தி, சாவி கொடுத்தோம். உச்சி வெயிலில் தெருவில் ஒரு குஞ்சுகூட இல்லை. கடல்கூட அந்த நேரத்தில் ஓய்ந்துதான் கிடக்கும்.

அது நாங்கள் அறிந்த எந்தப் பாட்டும் இல்லை. பாடும் குரலே கிடையாது. நூறு பேராவது சேர்ந்து வாசித்திருப்பார்கள், ஆனால் தொடக்கத்தில் அவர்கள் இருப்பதே தெரியாது. வயலின்கள் மிக மெல்லிய ஒற்றைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அடியில் எங்கோ ஒரு மேளம் இரண்டு தட்டுத் தட்டி நின்றுவிடும். மூன்றாவது தட்டுக்காக உடம்பு காத்திருக்கும், அது வராது. திடீரென்று பித்தளைக் குழல்கள் எல்லாம் ஒன்றாக எழும்பும்போது என் கை தானாக முந்தானையைப் பிடித்தது. இரண்டாவது இசைத்தட்டில் எல்லாம் அடங்கிய ஓர் இடத்தில், எங்களுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆண் இருமினார்.

நான் எழும்பிவிட்டேன். ராத்தா என் கையைப் பிடித்து இருத்தினாள்.

"சபையில இருந்து கேட்ட ஆரோ. ஆக்கள இருத்தி வெச்சி வாசிச்சிரிக்காங்க. அதுவும் பதிஞ்சி போயிரிக்கி."

தொண்டைக்குள்ளேயே அடக்கப் பார்த்து முடியாமல் வந்த இருமல். அதற்குப் பிறகு அநேகமாகத் தினமும் போட்டோம். அந்த இடம் வரும்போது நான் குனிந்துகொள்வேன். ராத்தா அப்படியில்லை. இப்போது குழல் தனியாகப் போகிறது, இப்போது மற்றவர்கள் அதை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்புகிறார்கள் என்று எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். மச்சான் மௌத்தானதிலிருந்து அதிகம் பேசாதிருந்தவள் அப்படிப் பேசியதற்காகவே நான் பயத்தை விழுங்கிக்கொண்டு இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பக்கத்து வளவு மாமி கடுகடுத்த முகத்தோடு வந்தார்.

"உள்ள ஆரு? இத்தா இரிக்கிற அறைக்குள்ள ஆம்பிளை இருமினான். வேலிக்கிட்ட நிண்டு என்ட ரெண்டு காதாலயும் கேட்டன்."

இந்தக் கதை வெளியே போனால் ராத்தா தெருவில் தலைநிமிர முடியாது. அவள் பதறவில்லை. மாமியை உள்ளே கூப்பிட்டு, கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பார்க்கவிட்டு, பெட்டியைக் காட்டினாள்.

"இதுக்குள்ள இருந்துதான் மாமி. இரிங்க, போட்டுக் காட்டுறன்."

முதல் இசைத்தட்டு முடிந்தது. இரண்டாவது தட்டில் அந்த இடமும் வந்தது. எல்லாம் அடங்கியது. இருமல் வரவில்லை.

ராத்தா ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தாள். வரவில்லை. வேறு ஊசி மாற்றினாள். அடங்கிய இடம் அடங்கியபடியே கடந்து போனது. என்னால் மாமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் மாமி கோபப்படவில்லை. பெட்டியை நோக்கித் தலையைச் சாய்த்து, வாயில் வெற்றிலை அப்படியே நிற்க, மூச்சுவிடாமல் இருந்தார்.

"இரிக்காங்க புள்ள," என்றார் கடைசியில். "கனபேர் இரிக்காங்க. மூச்ச அடக்கிக்கிட்டு இரிக்காங்க. வெளங்குது." பிறகு எழுந்து முக்காட்டைச் சரிசெய்தார். "நான் ஒண்டும் கதைக்க மாட்டன். நேத்துப் பின்னேரம் அஸர் பாங்கு சொல்லக்கொள்ள எனக்குக் கேட்டதும் இதுதானாக்கும்."

"ஓம் மாமி," என்றாள் ராத்தா.

அவர் போனபின் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முந்திய நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் பெட்டியைத் தொடுவதேயில்லை.

என் மாப்பிள்ளையிடம் மட்டும் சொன்னேன். இரும்பு ஊசி ஒவ்வொரு முறையும் தட்டைச் சுரண்டும், மெல்லிய சத்தங்கள்தான் முதலில் அழியும் என்றார். சரி என்று கேட்டுக்கொண்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை மாமிக்குக் கேட்டதற்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. ராத்தாவைத் தனியே விட்டுக் கிணற்றடிக்குப் போகவும் அதன்பிறகு எனக்கு மனம் வரவில்லை. அவளோ எப்போதும்போலப் பெட்டியைத் திறந்தாள். மாமியும் சில நாள்களில் வேலியில் இருந்த கடப்பு வழியால் வந்து, ஒன்றும் கேட்காமல் சுவரோரம் இருந்து கேட்டுவிட்டுப் போவார்.

இத்தா முடிந்த அன்று ராத்தா குளித்து, நிறச் சேலை உடுத்து, பெட்டியை வெளி விறாந்தைக்குக் கொண்டுவந்து வைத்தாள். வாப்பா ஏசப்போகிறார் என்று நான் அடுப்படிக் குசினிக்குள் நின்றுகொண்டேன். அவர் ஏசவில்லை. சாய்மனைக் கதிரையில் இருந்து எல்லாத் தட்டுகளையும் கேட்டார். முடிந்ததும் கேட்டார்:

"மகள், இவ்வளவு பேரும் என்னத்துக்கு இப்படிப் பயந்திரிக்காங்க?"

"எனக்கும் தெரியா வாப்பா," என்றாள் ராத்தா.

"மறுகாவும் போடு," என்றார் அவர்.