போர்டில் ஏறாத குவாரி

பேருந்தின் ஜன்னல் கண்ணாடியில் முத்துச்செல்வி நகத்தால் கோடு போடுவாள். வழியில் தெரியும் ஆங்கிலப் பலகை எதுவானாலும், அந்த வார்த்தையை எங்கே உடைத்தால் வேர் தெரியும் என்று பார்த்து அங்கே ஒரு கீறல். கல்லூரியில் சேர்ந்த வருடம் தொற்றிய பழக்கம். "சும்மா இருக்கவே மாட்டியா? அந்தக் கண்ணாடி என்னடி பாவம் பண்ணுச்சு?" என்று அம்மா ஒச்சாயி எத்தனையோ தடவை கையைத் தட்டிவிட்டிருக்கிறாள்.

அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கியதில்லை. ஆங்கிலம் அவளுக்குக் காது வழியாக வரவில்லை; உடைத்து உடைத்துத்தான் வந்தது. ஒரு வேரைப் பிடித்தால் ஒரு கூட்டம் வார்த்தைகள் கூடவே வரும் என்று கண்டுகொண்ட பிறகு, அதையே பிழைப்பாக்கிக்கொள்ளலாம் என்று நம்பினாள். பாடம் நடத்தச் சேர்ந்த பயிற்சி மையம் எதிலும் நிலைக்கவில்லை. இப்போது பழங்காநத்தத்தில் வங்கித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் நிரந்தர வேலை கிடைக்கும்போல் இருந்தது. அதற்கு முன்னால், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரும் இலவச வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும். உரிமையாளர் தமிழ்மாறன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை.

நான்கு என்று பொருள்படும் லத்தீன் வேர்களிலிருந்து கிளைத்த ஆங்கில வார்த்தைகளை எடுத்துக்கொண்டாள். ஸ்கொயர், குவார்ட்டர், ஸ்குவாடு, குவாரன்டீன். அந்த வரிசையில் அவளுக்கு மிகவும் பிடித்தது குவாரி. கல்லை நாலு பக்கமும் சதுரமாகச் செதுக்குவதால் வந்த பெயர். அப்பா சின்னான் மேலூர்ப் பக்கத்துக் குவாரியில் பல வருடம் உளி பிடித்துச் செய்த வேலை அதுதான். அந்தக் குவாரி தமிழ்மாறன் குடும்பத்துடையது. வழக்கில் மாட்டி மூடிக் கிடக்கிறது.

"மொதலாளி முன்னாடி அந்தப் பேச்சை எடுக்காத தாயி," என்றார் சின்னான், ஒத்தக்கடை நிறுத்தத்தில் அவளைப் பேருந்து ஏற்றிவிட வந்தபோது.

"அவரு ஒண்ணும் சொல்லலயேப்பா."

"அவுக எதுக்குச் சொல்லணும்? நாமதான் மூஞ்சியப் பாத்துப் புரிஞ்சுக்கிறணும்."

அவளுக்குக் கோபம் வந்தது. இப்படிப் புரிந்துகொள்ளவா படித்தோம்? அந்த வார்த்தையைக் கட்டாயம் எழுதுவது என்று முடிவுசெய்தாள். மாட்டுத்தாவணி வருவதற்குள் வேண்டாம் என்று தோன்றியது. பழங்காநத்தத்தில் இறங்கும்போது எதுவும் முடிவாகவில்லை.

வகுப்பில் அவள் போர்டில் குவார்ட்டர் என்று எழுதியதும் பின்வரிசை சிரித்தது. "மிஸ், நாலுல ஒண்ணுன்னு சொல்றீங்க. எங்க மாமா ஒண்ணோட நிறுத்துறதே இல்லயே."

"அவரு முழுசாக்கிட்டுத்தான் எந்திரிப்பாரு போல. கணக்குல சரியாத்தான் இருக்காரு."

வகுப்பே அவள் பக்கம் வந்துவிட்டது. குவாரன்டீன் ஆதியில் நாற்பது நாள், கப்பலைக் கரைக்கு விடாமல் நிறுத்திவைத்த கணக்கு என்றதும் எல்லாரும் குனிந்து எழுதினார்கள். அப்போது முன்பெஞ்சில் இருந்த சோலை என்ற பையன் எழுந்தான்.

"மிஸ், குவாரியும் இந்தக் குடும்பம்தானா? எங்க ஊர்ல இருக்கு. அதான் கேட்டேன்."

கடைசி பெஞ்சில் தமிழ்மாறன் செல்போனிலிருந்து தலை நிமிர்ந்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. ஆனாலும் அப்பா எதைப் படித்திருப்பாரோ அதையே அவளும் படித்தாள்.

"அது வேற மாதிரி. அடுத்த கிளாஸ்ல சொல்றேன்."

சோலை தன் நோட்டில் எழுதி வைத்திருந்த வார்த்தையைக் குறுக்கே அடித்துவிட்டு உட்கார்ந்தான்.

வகுப்பு முடிந்ததும் தமிழ்மாறன் வந்தார். "நல்லா நடத்துறீங்கம்மா. திங்கக்கெழம சேந்துருங்க." வாசல்வரை போனவர் திரும்பினார். "அந்தப் பையன் கேட்டதுக்கு ஏன் பதில் சொல்லல? எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு."

கேலியா, நிஜமாகவே கேட்கிறாரா? அவள் வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது.

"வேலை கெடச்சுருச்சுல்ல? பெறகென்ன?" என்றார் அப்பா, அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே. அவரிடம் என்ன சொல்வது? அவர் தப்பாகவும் சொல்லவில்லை, சரியாகவும் சொல்லவில்லை. தன் வாயை அடைத்தது மொதலாளியா, அப்பாவா, தானேயா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த வார்த்தையைப் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதினாள். தமிழ்மாறன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முன்பெஞ்சில் சோலை இல்லை; அவன் மையத்தில் சேரவில்லை. இலவச வகுப்புக்கு வந்தவர்களின் முகவரியை யாரும் வாங்கிவைக்கவில்லை.

இப்போதும் பேருந்தில் அவன் சாயலில் யாராவது தெரிந்தால் நகம் கண்ணாடியில் பாதியில் நின்றுவிடும். அவனுக்குச் சொல்ல வேண்டிய "ஆமா" இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.