மீனாட்சியின் பொட்டு

கார் கதவின் ரிவெட்டு ஆணிகளை மறைக்கப் பச்சை மூடி வாங்க, மகனோடு பவானிபூர் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் கொட்டிய குவியலிலிருந்து சிவப்பு மூடி ஒன்று என் பக்கம் உருண்டு வந்தது.

இந்த மாதிரி மூடியை முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயசு. அப்பாவை அழைத்துப்போக வரும் ஆபீஸ் துரையின் கார்க் கதவில் இதே சிவப்பு மூடிகள் இருந்தன. கொலு வைக்கும் அன்று, மீனாட்சி பொம்மையின் பொட்டு அழிந்திருந்தது. நகத்தால் ஒரு மூடியைப் பெயர்த்து அதன் நெற்றியில் ஒட்டினேன்.

அந்தக் காரின் டிரைவர் ஹரிபதோ தாதா (வங்காளத்தில் தாதா என்றால் அண்ணா) அதே மாதிரி மூடிக்காக மூன்று நாள் கடை கடையாய்த் தேடினார். கிடைக்காமல், சிவப்பு அரக்கை உருக்கி அந்த இடத்தில் வைத்தார். வெயிலில் அது கதவெல்லாம் வழிந்தது. துரை அவரை வேலையை விட்டு நிறுத்தினார்.

மூடி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். ஆனால் விஜயதசமிவரை கொலுப் பொம்மையைத் தொடக்கூடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விடைபெற வந்தவருக்கு அம்மா சுண்டல் கொடுத்தாள். அவர் பொம்மையைப் பார்த்தார், பிறகு என்னை.

"பொட்டு ரொம்ப அழகா இருக்கு, மா," என்று வங்காளத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

"ஏண்டி முகம் இப்படி இருக்கு?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லே."

"என்னம்மா, அந்தச் சிவப்பையே பாத்துண்டிருக்கே?" என்றான், கடையில் என் பக்கத்தில் நின்ற மகன்.

"ஒண்ணுமில்லே," என்றேன்.